பல் போனால் சொல் மட்டுமா போகும்?

நம் ஊரில் "பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். நாம் வாழ வந்த இந்த வங்காளத்தில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். "தாந்த் தாக்தே தாந்தேர் மொர்ஜாதா போஜே நா" என்பது அவர்கள் பழமொழி. பல் இருக்கும்போது பல்லின் மதிப்பு தெரியாது என்று பொருள். 2005-ஆம் ஆண்டு, என் 47-ஆவது வயதில், கீழ்வரிசையில் நான்கு பற்களை ஒரே மாதத்தில் இழந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு வங்காள மாமி இதைத்தான் சொன்னார். அன்று கோபம் வந்தது. இன்று அது எவ்வளவு சரி என்று தெரிகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பல் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூர், ஆத்ரா பகுதிகளில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து, 2018-இல் ஓய்வு பெற்றவன். பற்களை இழந்த பிறகுதான் பற்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லலாமே என்று பத்திரிகைக் குழுவினர் கேட்டதால் எழுதுகிறேன். வைத்தியம் உங்கள் மருத்துவரிடம். எச்சரிக்கை மட்டும் என்னிடம்.

பல்லும் தண்டவாளமும்

தண்டவாளம் தானாக நிற்பதில்லை. கீழே ஸ்லீப்பர், அதற்குக் கீழே ஜல்லி, அதற்கும் கீழே மண். ஜல்லி கெட்டால் எஃகுத் தண்டவாளம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. பல்லும் அப்படித்தான். வெளியே தெரியும் பகுதியைத்தான் நாம் பல் என்கிறோம். அதைவிடக் கூடுதலான நீளத்துக்கு வேர் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. எலும்பை ஈறு மூடிக் காக்கிறது.

பல்லின் மேல்பூச்சு எனாமல். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான், எலும்பைவிடக் கடினம். ஆனால் ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் உயிரணு இல்லாததால் ஒருமுறை குழி விழுந்தால் திரும்ப வளராது. அதற்குள்ளே டென்டின் என்ற சற்று மென்மையான அடுக்கு. நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலிக்காது. டென்டினைத் தொட்டால் குளிர்ந்த நீருக்குக் கூசும். பற்கூழைத் தொட்டால் இரவு தூக்கம் போய்விடும். அதாவது, வலி வரும்போது பழுது பெரும்பாலும் முற்றிவிட்டது. தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் நாங்கள் அல்ட்ராசோனிக் கருவி வைத்து முன்கூட்டியே சோதிப்போம். "வலிக்கவில்லையே, எதற்கு டாக்டர்?" என்று கேட்பது, "ரயில் இன்னும் கவிழவில்லையே, எதற்குச் சோதனை?" என்று கேட்பது போல.

சொத்தை எப்படி விழுகிறது?

"பல்லில் பூச்சி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். புழு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் உண்டு. பல்லின் மேல் வழவழவென்று படியும் படலத்தில் அவை குடியிருக்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் எனாமலின் தாதுப்பொருளைக் கரைக்கிறது. நம் உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்ல முறித்து, கரைந்த தாதுவில் ஓரளவைத் திரும்பவும் பல்லில் படிய வைக்கிறது. இதற்கு ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பெரிது. ஸ்வீடன் நாட்டில் வீப்பேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1945 முதல் 1953 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. அங்கிருந்தவர்களின் சம்மதம் கேட்காமல் நடத்தியது. இன்று எந்த நாடும் அனுமதிக்காது. ஆனால் அதிலிருந்து தெரிந்த உண்மை நிலைத்துவிட்டது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை மளமளவென்று பெருகியது.

இதை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். கொல்கத்தாவில் இருந்துகொண்டு ரசகுல்லாவையும் மிஷ்டி தோயையும் விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்க மாட்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு ரசகுல்லா சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிடுங்கள். பல்லுக்கு ஒரே ஒரு தாக்குதல்தான். ஆனால் அலுவலகத்தில் மண்குவளைத் தேநீர் சர்க்கரையோடு நாளுக்கு 8 முறை குடிப்பவருக்கு, அரை மணிக் கணக்கில் பார்த்தாலே 4 மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. இனிப்பே தொடாதவர் என்று பெயர் வாங்கியிருப்பார். பல் மட்டும் போயிருக்கும். பிஸ்கட், சிப்ஸ் கூட இதில் சேர்த்தி. அவற்றின் மாவு பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையாக மாறுகிறது.

ரத்தம் வந்தால் சும்மா இருக்காதீர்கள்

நான் பற்களை இழந்தது சொத்தையால் அன்று, ஈறு நோயால். அதை விவரமாகவே சொல்கிறேன். நம்மில் பலர் இப்போதும் அதே தவற்றைச் செய்துகொண்டிருக்கலாம்.

நாற்பது வயது முதலே பல் தேய்க்கும்போது எனக்கு ரத்தம் வரும். வலி இல்லை. "உடம்புச் சூடு" என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் தேய்த்தேன். அதுதான் பெரிய தவறு. அந்த இடத்தில் படலம் மேலும் மேலும் படிந்தது. துடைக்காத படலம் சில நாட்களிலேயே உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகும். அதைத்தான் பற்காரை என்கிறோம். காரையைப் பிரஷ் எடுக்காது. காரை ஈறைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை விழுகிறது. பைக்குள் பாக்டீரியா. அதற்கு எதிரான போரில் நம் உடம்பே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது. ஜல்லி போன தண்டவாளம்!

ஈறு சிவந்து ரத்தம் மட்டும் வரும் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுவதும் குணமாகும். எலும்பு கரைந்த பிறகு, மேலும் கரையாமல் நிறுத்தலாமே தவிர, போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. எனக்கு 7 ஆண்டு அவகாசம் இருந்தது. பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு நண்பர், "மெஷின் வைத்துக் கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்றார். நம்பிவிட்டேன். பின்னாளில் மருத்துவர் விளக்கினார். பல் ஆடுவதற்குக் காரணம் ஏற்கெனவே கரைந்துபோன எலும்பு. பற்களுக்கு நடுவே காரை சிமெண்ட் போல அடைத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இடுக்கு தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். பழியைச் சுத்தம் செய்தவர் மீது போடுகிறோம். காரை எடுக்காமல் விட்டால் பல் தானாகவே விழும். எடுத்தால் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. ஈறு நன்றாக இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும், காரை விரைவில் படிபவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் போய்வந்தால் போதும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதானபின் பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டையும் நாம் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி வார்த்தை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றியிருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். இது இருவழிப் பாதை. என் துணைவியாருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஈறுக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் சர்க்கரை சற்றுக் கீழே இறங்கியது.

தினசரி ரோந்து

எங்கள் துறையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் பகுதியை நடந்து பார்த்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டு வருவார். எத்தனை இயந்திரம் வந்தாலும் அவர் நடை நின்றால் பாதை கெடும். பல் தேய்ப்பது அந்த நடை.

காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்; காவலாளி இல்லாத நேரம் அது. நம் வீடுகளில் காலையில் பல் தேய்க்காமல் காப்பி கிடையாது. ஆனால் இரவில் தேய்ப்பவர் எத்தனை பேர்?

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சிறு சிறு அசைவாகத் தேய்க்க வேண்டும். ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே இழுத்தால் பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது குச்சங்கள் விரிந்ததும், பிரஷை மாற்றுங்கள். பல் இடுக்கைப் பிரஷ் எட்டாது; அதற்கென்று நூலும் சிறு பிரஷும் கிடைக்கின்றன. ஊக்கு, குண்டூசி வேண்டாம்.

ஃப்ளோரைடு உள்ள பற்பசையே நல்லது. எத்தனை பி.பி.எம். ஃப்ளோரைடு என்று அட்டையில் போட்டிருக்கும். தேய்த்த பிறகு நுரையைத் துப்புங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மருந்தைக் கழுவித் தள்ளாதீர்கள்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் தேய்த்துத்தானே நம் முன்னோர் வாழ்ந்தார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். பழமொழியில் வரும் வேல் என்பது கருவேலம். வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள். குச்சியை மென்று நாராக்கிப் பதமாகத் தேய்த்தால் படலம் போகும். ஆனால் அவர்கள் நாள் முழுவதும் பிஸ்கட்டும் குளிர்பானமும் சாப்பிடவில்லை. சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள், கல்லுப்பு ஆகியவை எனாமலை உரைக்கும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

கறை படிந்த பற்கள்

நான் தருமபுரி மாவட்டத்துக் கிராமத்தான். எங்கள் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பாக இருக்கும். பாலிடெக்னிக் விடுதியில் சேர்ந்தபோது, "என்னடா, பீடியா?" என்று கேலி செய்தார்கள். அழுகையாக வரும். விடியற்காலையில் யாரும் பார்க்காமல் செங்கல் பொடி வைத்துத் தேய்ப்பேன். கறை போகவில்லை, எனாமல்தான் போயிற்று. அந்தக் கறை மேலே ஒட்டியது அன்று. சுமார் 8 வயதுக்குள், பல் தாடைக்குள் உருவாகும்போதே பதிந்துவிட்டது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

பல ஆண்டு கழித்து ஆத்ராவில் வேலை பார்த்தபோது, புருலியா மாவட்டக் கிராமத்துப் பிள்ளைகள் ரயில் பார்க்க வந்து சிரிப்பார்கள். அதே பழுப்புப் பற்கள்! 1,500 கிலோமீட்டர் தாண்டி வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளையே பார்த்தது போல் இருந்தது. புருலியா, பாங்குரா, பீர்பூம் மாவட்டங்களில் சில பகுதிகளின் நிலத்தடி நீரிலும் இந்தக் குறை உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைவிடக் கூடினால் முதலில் பல், பிறகு எலும்பே கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. பிள்ளைகளோடு அப்படிப்பட்ட ஊர்களில் வேலையாக இருப்பவர்கள், குழாய்க் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் பற்பசையில் மட்டும் ஃப்ளோரைடு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறுபாடு, விழுங்குவதிலும் துப்புவதிலும் இருக்கிறது. பல்லின் மேல் படும்போது அது காக்கிறது. அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் கெடுக்கிறது.

தாய்மார்களுக்கு

பால்பல் 20, நிரந்தரப் பல் 32. "விழப்போகிற பல்தானே" என்று பால்பல் சொத்தையை விட்டுவிடுகிறோம். பால்பல் அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அது முன்னதாகவே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல் கோணலாக முளைக்கும்.

சர்க்கரை கலந்த பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். மேல்வரிசை முன்பற்கள் கருகிப்போவதற்கு இதுவே பெரிய காரணம். முதல் பல் முளைத்தவுடனேயே துலக்க ஆரம்பிக்க வேண்டும். 3 வயதுக்குள் பற்பசை அரிசி மணி அளவு; 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கக் கூடாது. 7, 8 வயது வரை பெற்றோர் கை சேர வேண்டும். சட்டைப் பொத்தானே போடத் தெரியாத பிள்ளை பல்லை எப்படிச் சரியாகத் தேய்க்கும்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதுவும் பால்பல் என்று நினைத்து அலட்சியம் செய்கிறோம். அது நிரந்தரப் பல். அது போனால் வேறு வராது. அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களை மருத்துவர் பூசி அடைத்துவிட்டால் சொத்தை வராமல் தடுக்கலாம்.

விளையாட்டில் நிரந்தரப் பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டால், அதன் வேரைத் தொடாமல் வெண்மைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அதே குழியில் பொருத்துங்கள். முடியாவிட்டால் ஒரு கிண்ணம் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணிக்குள் போனால் ஒட்ட வைக்கும் வாய்ப்பு உண்டு. பால்பல்லுக்கு இது பொருந்தாது. அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

எழுதத் தயங்கிய பகுதி

கரக்பூர் பக்கத்தில் என் கீழ் ஒரு கீமேன் இருந்தார். பெயர் வேண்டாம். 34 வயது. அவர் நடந்து பார்த்த பாதையில் எனக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. வாயில் எப்போதும் குட்கா. மழைக்கால ரோந்தில் தூக்கம் வராமலிருக்க என்பார். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டுவார். சில நாள் நானும் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் சேர்ந்து சாப்பிடும்போது, காரம் பட்டால் வாய் எரிகிறது, ரொட்டியை மடித்து வைக்க வாய் திறக்கவில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைக் கண்டால் ரயிலை நிறுத்தத் தெரிந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவரின் வாயில் இருந்ததைப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று ஆண்டு கழித்துக் கன்னத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கடுத்த துர்கா பூஜைக்கு அவர் இல்லை.

அவருக்கு முதலில் வந்தது, வாயின் உட்தோல் நாராக இறுகிப்போகும் நோய். காரணம் பாக்கு. காரத்துக்கு எரிச்சல், உட்கன்னம் வெளுத்துப் போதல், வாய் திறப்பு குறைதல் ஆகியவை அடையாளங்கள். இறுகியது எளிதில் இளகாது. சிலருக்குப் புற்றுநோயாக மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-இலேயே சொன்னது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்பதை 2004-இல் வெளியிட்டது. ஆகவே "நான் வெறும் பான் மசாலாதான், புகையிலை இல்லை" என்பது சமாதானம் ஆகாது. 2012-இல் மத்தியப் பிரதேசம் தொடங்கிப் பல மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தன. மேற்கு வங்கமும் 2013-இல் செய்தது. உடனே பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கடையில் தொங்கவிட்டார்கள். வாங்குபவர் வாயில் கலந்துகொள்கிறார்.

இந்தப் பக்கங்களில் குல், குடாக்கு என்று சில பொருட்களைப் பல் தேய்க்கவே பயன்படுத்துகிறார்கள், பெண்கள் உட்பட. அவை புகையிலைதான். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. பழக்கம் மட்டும் முழுவதும் போகவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பல்வலிக்கு நல்லது என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அவரிடமும் பதமாகச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிய வேண்டும். உட்கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வலி இல்லாவிட்டாலும், காத்திருக்க வேண்டாம். தாம்பூலம் கொடுப்பது நம் மரபு, கொடுப்போம், வாங்கிக்கொள்வோம். வாயில் போட்டு மெல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வலி வந்துவிட்டால்

இளஞ்சூட்டு உப்பு நீரில் கொப்பளிக்கலாம். பஞ்சில் கிராம்புத் தைலம் ஒரு சொட்டு, சற்று நேரத்துக்கு இதம் தரும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைக்கக் கூடாது; ஈறு வெந்துவிடும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் வலி அடங்கலாம், ஆனால் பல்லுக்குள் இருக்கும் அழுகல் அங்கேயே இருக்கும். வேர் சிகிச்சை செய்தால் பல்லைப் பிடுங்காமல் வைத்துக்கொள்ளலாம். கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உயிருக்கு ஆபத்தானது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் இரு மருத்துவரிடமும் சொல்லுங்கள். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்களும் பல் பிடுங்கும் முன் சொல்ல வேண்டும். செயற்கைப் பல்வரிசை வைத்திருக்கும் பெரியவர்கள் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கவும்.

எங்கே போவது?

இந்த ஊரில் இருப்பது நமக்கு ஒரு பாக்கியம். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1890-இல் பிறந்தவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் வேண்டி ஒரு சோடா ஃபவுண்டன் கடை நடத்தினார் என்பார்கள். இனிப்பு விற்ற காசில் பல் வைத்தியம்! 1964-இல் பத்மபூஷண் பெற்றார். அவர் பெயர் தாங்கிய அரசுக் கல்லூரி மருத்துவமனை சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் செலவுக்குப் பயந்து பல்லை விட வேண்டியதில்லை. ரயில்வே ஓய்வூதியர்கள் மருத்துவ அட்டையோடு நம் ரயில்வே மருத்துவமனைக்கும் போகலாம். மொழி தெரியாது என்ற கூச்சம் வேண்டாம். "தாந்தே பேத்தா" என்றால் பல்வலி என்று எல்லாருக்கும் புரியும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் சொல்லியனுப்பினால் நான் கூட வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முடிக்கும் முன் நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்குப் பரிசாக ஆளுக்கொரு பை டாஃபி கொடுக்கிறோம். அடுத்த பொங்கலுக்கு ஆளுக்கொரு பிரஷ் கொடுத்தால் என்ன? பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள், தெரியும். வேண்டுமானால் பிரஷோடு ஒரு கரும்புத் துண்டும் சேர்த்துக் கொடுப்போம். பொங்கலுக்கு அது போதும். கடித்துத் தின்னப் பல்லும் இருக்க வேண்டும் அல்லவா!